முப்பத்தைந்து ஆண்டு, எட்டு மாதம்

இழப்பீட்டுப் படிவத்தில் பன்னிரண்டாம் கேள்வி:
வீடு எவ்வாறு இழக்கப்பட்டது?
லூபெக் அலுவலகப் பையன்
பேனா மூடியைக் கடித்தபடி காத்திருக்கிறான்.
போர் என்று போடட்டுமா, அம்மா?

பொறு தம்பி.

மேற்கே பால்டிக் கடல், கிழக்கே காயல்.
சுங்கான் ஒன்று புகைந்து தீர்வதற்குள்
குறுக்கே கடந்துவிடலாம் எங்கள் நிலத்தை.
நெய்தலின் முதுகில் ஏறி
நடந்துகொண்டிருந்தது ஒரு பாலை.
மாமியார் பிறந்த ஊர் அதன் வயிற்றுக்குள் போய்
அவள் சாகும் வருஷம் பின்புறமாய் வெளியே வந்தது:
கிணற்று விளிம்பு, கல்லறைப் பலகை இரண்டு,
யாருடையதென்று தெரியாத ஒரு கடைவாய்ப்பல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது, மே மாதம்
அடெல்ஹைட் ஸ்டோப்வாசர் படகிறங்கினாள்.
சூரிச்சில் வாங்கிய முனைவர் பட்டம்,
அண்ணனிடம் வாங்கிய பூட்ஸ்,
சிவப்புச் சாயம் பூசிய அறுபது முளைகள்.
மணலை அளக்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்று
ஊரே சிரித்தது. நானும்தான்.
அன்றிரவு காக்கைக் கறி வைத்தேன்.
வலையில் விழுந்ததை மண்டையைக் கடித்துத்தான் கொல்வோம் என்றேன்.
முகம் சுளிக்கவில்லை.
எந்தக் காற்றுக்கு வருகின்றன, என்று கேட்டு
எண்ணெய் விரலோடு குறித்துக்கொண்டாள்.

மூன்று மே வந்தாள், மூன்று மே அளந்தாள்.
என்னவர் மிக்கெல் சங்கிலியின் மறுமுனை.
ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
எங்கள் வாசலுக்கு எப்போது வரும், என்றார்.
முதல் முளை அடித்த நாளிலிருந்து
முப்பத்தைந்து ஆண்டு, எட்டு மாதம்.
காடு வளர்த்தால் கணக்கு மாறும், என்றாள்.

வைத்தியன் தேதி குறித்த வீடு மாதிரி ஆனது எங்கள் வீடு.
அந்தக் கணக்கில் பிள்ளை பெற்றோம், படகு வாங்கினோம்.
கூரைக்கு மட்டும் புது நாணல் வேயமாட்டார்.
எதற்கு? மணலுக்கா?
பத்து மழைக்காலம் வாளி வைத்துத் தூங்கினேன்.
அந்த ஆத்திரத்தில்தான்
ஒன்பதாம் முளையைப் பிடுங்கி
ஏழடி தள்ளி நட்டேன்.
இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அவள் கதை கடிதங்களில் வந்தது.
கோனிக்ஸ்பெர்க் அரங்கில் எங்கள் மணல்மேட்டைப் பற்றி
பேராசிரியர் வாசித்தாராம்;
இவள் மேடையில் வரைபடத்தை விரித்துப் பிடித்திருந்தாளாம்,
ஒன்றே கால் மணி நேரம்.
கை வலித்தது, என்று மட்டும் எழுதியிருந்தாள்.
பிறகு தன் பெயரிலேயே புத்தகம் போட்டாள்.
நாற்காலி ஒன்று காலியானது;
அவளிடம் படித்தவனுக்குப் போனது.
சீருடைக்காரர்கள் வந்து
கிழக்கை வேறு மாதிரி வரையச் சொன்னபோது
கண் மங்கிவிட்டது என்றாள்.
நூலக நிலவறையில் அட்டை எழுதப் போட்டார்கள்.
கண்ணா? காயலின் அக்கரையில் நிற்கும் காட்டெருதுக்குக்
கொம்பு எத்தனை கிளை என்று சொல்லக்கூடியவள்.

நாற்பத்தைந்து, ஜனவரி.
கணக்குப் பார்த்துக்கொள் தம்பி, அதே மாதம்.
பீரங்கிச் சத்தத்துக்கு முன்னால்
உறைந்த காயல்மேல் வண்டி ஓட்டினோம்.
மிக்கெல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்,
பீரங்கியை அல்ல.
மணல் வேலியருகே நின்றதா, இல்லையா?
பனிமூட்டம். தெரியவில்லை.
அதைக் கேட்டுக்கொண்டே மார்ச்சில் போனார்.

போன மாதம் அவளுக்கு எழுதினேன்,
கோட்டிங்கனில் ஏதோ மாடியறை.
முளையைப் பற்றி ஒப்புக்கொண்டேன்.
அஞ்சலட்டையில் பதில் வந்தது:
"ஒன்பதாவது. தெரியும்.
உங்கள் அவரைக்கொடி அதில் படர்ந்திருந்தது.
அதைக் கணக்கில் சேர்க்கவேயில்லை.
இப்போது அங்கே மணல் நிற்கிறதா என்று
யாரும் எனக்கு அனுமதிச் சீட்டு தருவதாயில்லை.
வேகம் மாறாதிருந்தால்
இந்த வாரம் உங்கள் அடுப்படி."

பன்னிரண்டாம் கேள்விக்கு
எத்தனை வரி இடம் விட்டிருக்கிறார்கள்?
ஒன்றா?
சரி, போர் என்றே போடு.
பென்சிலால் போடு.